முப்பது நாள் மடுவத்தில் இருந்த சாமி

என்னோடு ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்து, இன்று ஆளுக்கொரு தோட்டமும் ஆளுக்கொரு திசையுமாகப் போய்விட்ட கூட்டாளிகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் தலவாக்கலையில் பஸ்ஸுக்காக நின்ற நேரத்தில் நாம் நாலு பேர் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், பக்கம் வந்தது. நம்மில் ஒருவன், யாரென்று உங்களுக்கே தெரியும், வடையைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "வேதக்காரன் ஒரு கை அரிசி குடுத்தாலும் ஆள் புடிக்கத்தான்டா குடுப்பான்."

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

பஸ் லிந்துலையைத் தாண்டும்வரை ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பு மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுகொண்டது. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். அங்கே வாயால் சொல்லாமல் விட்டதை அந்தப் பேனாவாலாவது சொல்லாவிட்டால், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர்கள் பட்ட பாட்டுக்கு அர்த்தமில்லை.

மண் சரிந்த வருஷம் என்றால் உங்களுக்கு நினைவு வரும். எனக்கு அப்போது எட்டு வயது. தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். மழை பிடித்தால் பிடித்ததுதான். அடுப்புச் சாம்பல்கூட ஈரமாக இருந்த நாட்கள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பெரியவர்கள் எல்லோரும் மலையில் வேலையில் நிற்கும்போது, நம் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்திட்டு இறங்கியது. பள்ளிக்கூடத்தில் இருந்த நமக்கு அந்தச் சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. யாரோ பெரிய சாக்கு மூட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

ஆள் சேதம் இல்லை. கோழிகள் போயின. நாலு குடும்பங்களின் ஒற்றை அறைக் காம்பராக்களுக்குள் சேறு கூரைவரை ஏறி நின்றது. ஐந்தாவதான எங்கள் காம்பரா கடைசி; பின்சுவர் போய்ப் பின்பாதி சேற்றில் மூழ்கி, முன்பக்கம் தகரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் அம்மி, அப்பா கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டு, என் சிலேட்டு, எல்லாம் உள்ளே போயின. அம்மியைத் தோண்டி எடுக்கலாம் என்று அம்மா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் தோண்டவில்லை. அந்த இடத்தில் இப்போது தேயிலை நிற்கிறது.

தோட்டத்து நிர்வாகி துரை வந்து பார்த்தார். தை மாதத்துக்குள் கட்டித் தருவதாகவும், அதுவரை சொந்தக்காரர் காம்பராக்களில் ஒண்டிக்கொள்ளச் சொன்னதாகவும் கணக்கப்பிள்ளை ஐயா வந்து சொன்னார். ஒரு காம்பராவில் ஏற்கெனவே ஏழு பேர் படுக்கிற இடத்தில் இன்னும் ஐந்து பேரை எங்கே ஒண்ட வைப்பது? ஐந்து குடும்பமும் சேற்றிலிருந்து மீட்டெடுத்த நனைந்த மூட்டைகளோடு நின்றன. அப்போதுதான் உபதேசியார் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தார்.

உபதேசியார் என்று அழைத்தாலும் அவர் அதற்குச் சம்பளம் வாங்குகிறவர் அல்ல. கிழமை நாளில் எங்கள் அப்பாவோடு ஒரே வரிசையில் நின்று தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற தொழிலாளி. வேதக்கோயிலின் ஐயர், அதாவது அவர்களுடைய போதகர், நகரத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் வாசிப்பதும் பாடுவதும் பிரசங்கம் சொல்வதும் இவர்தான். கோயில் என்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. மேட்டின் மேல் வெள்ளையடித்த ஒரு தகரக் கட்டடம். ஒரு கோடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெந்து மேடை. மணிக்குப் பதிலாக வாசலில் தொங்கும் ஒரு துண்டு தண்டவாளம். தோட்டம் முழுவதிலும் பன்னிரண்டு வேதக்காரக் குடும்பங்கள்தான். எல்லாரும் நம்மைப் போலக் கொழுந்து பறிக்கிறவர்கள்.

"கோயிலு ஆறு நாளும் பூட்டித்தான கெடக்கு. வந்து படுங்க" என்றார் உபதேசியார்.

அப்பா மற்றவர்களைப் பார்த்துவிட்டு, "அண்ணே, சும்மா கேக்குறேன். படுக்கத்தான கூப்புடுறீங்க? வேற ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"வேற என்னா தம்பி?"

"இல்ல, வேதத்துல சேக்கத் தண்ணி கிண்ணி தெளிப்பீங்களோன்னு."

உபதேசியார் சாக்கை விலக்கி வானத்தைக் காட்டினார். "இன்னுமா தண்ணி வேணும் ஒனக்கு?"

நனைந்து நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அப்பாவைத் தவிர. அம்மாதான் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முதலில் நடந்தாள். "குளுருக்கு எந்தச் சாமி வீடா இருந்தா என்னாங்க" என்று அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால், ஒரு மாதம் கழித்து அதே அம்மா அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டாள்.

சேலைகளைக் குறுக்கே கட்டி ஐந்து குடும்பமும் கோயிலைப் பங்கு போட்டுக்கொண்டோம். மேடையில் மட்டும் யாரும் ஏறவில்லை. அங்கே வெள்ளைத் துணி போட்ட மேசையும், உபதேசியார் தானே இழைத்துச் செய்த ஆள் உயரச் சவுக்கு மரச் சிலுவையும் இருந்தன. நாங்கள் அந்தப் பக்கம் காலை நீட்டாமல் படுத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய்களைச் சுருட்டிச் சுவரோரம் அடுக்குவோம். அவர்கள் வந்து எங்கள் சட்டிபானைகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்து பாடுவார்கள். வெளித் தாழ்வாரத்தில் எங்கள் வீட்டுக் கருவாடு வறுபட்டுக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிறு அந்த வாசனை தாங்காமல் அவர்களில் ஒரு கிழவர், "உபதேசியாரே, பிரசங்கத்தச் சுருக்கமா முடிங்க, பசிக்குது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்.

அவர்கள் எங்களுக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால், முதலில் மிலாறுதான் நினைவுக்கு வருகிறது. கவ்வாத்து வெட்டியபின் மிஞ்சும் காய்ந்த தேயிலைக் குச்சி. மழைக் காலத்தில் காய்ந்த மிலாறு தங்கத்துக்குச் சமம் என்று லயத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு வேதக்கார வீட்டிலிருந்து ஒரு கட்டு வரும். அடுப்புக்கு மேலே பரணில் மாதக் கணக்காகக் காய வைத்தது. ஒரு நாள் நான் விளையாடிக்கொண்டே உபதேசியார் வீட்டுப் பக்கம் போனேன். அவர் சம்சாரம் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து இருமிக்கொண்டிருந்தார். காய்ந்ததெல்லாம் எங்கள் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. அந்த வயதில் எனக்கு அது ஏனென்று விளங்கவில்லை. அந்த வீட்டம்மாவுக்கு அடுப்பு ஊதத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

அடுத்தது கம்பளி. வருஷத்துக்கு ஒன்றுதான் தோட்டத்தில் கொடுப்பார்கள். அந்த வருஷத்துப் புதுக் கம்பளியை மடிப்புக்கூடப் பிரிக்காமல் பல வீடுகளிலிருந்து கொண்டுவந்து கோயில் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கொடுத்தது யாரென்று சொல்லவில்லை. புதுக் கம்பளியின் அந்த எண்ணெய் கலந்த ஆட்டு வாடை இன்றைக்கும் எங்காவது வந்தால், எனக்குத் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்கும்.

அப்பாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. தினமும் சாயங்காலம் என்னைத் தனியே அழைத்துக் கேட்பார்.

"செபம் கிபம் சொல்லிக் குடுத்தாங்களாடா?"

"இல்லப்பா."

"பாட்டு?"

"இல்லப்பா."

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஞாயிறு தோறும் கேட்டுக் கேட்டு இரண்டு பாட்டு எனக்குத் தலைகீழ்ப் பாடமாகியிருந்தது. அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

அப்போது அம்மா பிள்ளைத்தாய்ச்சி. எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் நாற்பது நாளைத் தாண்டவில்லை. சாமி குற்றம் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். மாரியம்மன் கோயில் திருவிழாவின்போது தீட்டுள்ள ஒரு வீட்டில் தெரியாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கரகத்துக்கு முன்னால் போய் நின்றாளாம். அதற்குத்தான் அம்மன் இரண்டையும் எடுத்துக்கொண்டாள் என்பது அவள் கணக்கு. நம் ஆட்களிடம் அது சாதாரணமான கணக்குத்தான். இந்தப் பிள்ளைக்கு ஒரு குற்றமும் வரக்கூடாது என்று அம்மா நடந்த நடையும் கும்பிட்ட கும்பிடும் எனக்குத் தெரியும். யார் கேட்டாலும் "தை மாசந்தான்" என்று சொல்லிவந்தாள். தை பிறந்தால் காம்பரா கட்டி முடியும்; அங்கே போய்ப் பெற்றுக்கொள்ளலாம். உண்மையில் அவளுக்குக் கார்த்திகையிலேயே நாள் நெருங்கியிருந்தது. புதுக் கட்டடமோ அடிக்கல் அடுக்கிய உயரத்தில்தான் நின்றது.

டிசம்பர் மாதத்து முதல் ஞாயிறு. அப்பாவும் மற்ற ஆண்களும் சாமான் வாங்க லிந்துலைக்குப் போயிருந்தார்கள். கோயிலில் ஆராதனை தொடங்கியிருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் லயத்துக்கு இறங்கினாள். வழியில் இரண்டு முறை நின்று தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டாள். பின்சுவர் இல்லாத எங்கள் காம்பராவுக்குள் போய் மூலையில் உட்கார்ந்தாள். தரையெல்லாம் சேறு. பின்னால் மண்திட்டிலிருந்து சின்னச் சின்னக் கல் உருண்டு தகரத்தில் டக், டக் என்று விழுந்துகொண்டிருந்தது.

"அம்மா, ஏம்மா இங்க வந்த?"

"ஒண்ணுமில்லடா. அப்பா வந்துட்டாரான்னு பாரு" என்றாள். அதற்குள் அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தாள்.

நான் ஓடினேன். அப்பாவைத் தேடி அல்ல. எனக்குத் தெரிந்த பெரியவர்கள் எல்லாரும் இருந்த ஒரே இடத்துக்கு ஓடினேன். அவர்கள் கண்ணை மூடிச் செபம் செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் நின்று கத்தினேன்: "எங்கம்மா ஒடைஞ்ச லயத்துக்குப் போயிருச்சு! அழுவுது!"

முதலில் கண் திறந்து எழுந்தது உபதேசியார் சம்சாரம். அந்தச் செபத்துக்கு ஆமென் சொல்ல யாரும் நிற்கவில்லை.

காம்பராவுக்குள் உபதேசியார் சம்சாரமும் இன்னும் மூன்று பெண்களும் நுழைந்தார்கள். உபதேசியார் வெளியே முதுகைக் காட்டி நின்றார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எந்திரி தங்கச்சி. மண்ணு எறங்குது. கோயில்ல காஞ்ச எடம் கெடக்கு, கம்பளி கெடக்கு."

"நீங்க போங்கக்கா. நான் இங்கனயே பெத்துக்கிறேன்."

"பைத்தியமா ஒனக்கு?"

"சாமி இருக்கற எடத்துல புள்ளத் தீட்டுப் படக்கூடாதுக்கா."

"எங்களுக்குத் தீட்டெல்லாம் கெடையாது தங்கச்சி. எங்க சாமி பொறந்ததே மாட்டுக் கொட்டாயிலதான்."

அம்மா வலிக்கு நடுவில் நிமிர்ந்து பார்த்தாள். "அது ஒங்க சாமிங்கக்கா. இது எம்புள்ள."

தகரத்தில் மறுபடி ஒரு கல் விழுந்தது.

"ஒங்க சாமிக்குக் கோவம் வராதுன்னு நீங்க சொல்றீங்க. வந்துட்டா? மூணாவதையும் குடுக்க எங்கிட்டத் தெம்பில்லக்கா" என்றாள் அம்மா.

உபதேசியார் சம்சாரம் தோட்டத்திலேயே வாய்க்காரி என்று பெயர் எடுத்தவர். கங்காணிக்கே பதில் சொல்லி மடக்குகிறவர். அன்று அம்மாவின் தலையைத் தடவிவிட்டு எழுந்தார். வெளியே வந்து கணவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"சாமி இருக்கற எடத்துல பெத்துக்க மாட்டாளாம். தூக்கிட்டுப் போனாக்கூட அங்கனருந்து உருண்டு எறங்கிருவா போலருக்கு."

உபதேசியார் மேட்டில் தெரிந்த கோயிலைப் பார்த்தார். பிறகு, "சாமி உள்ள இருக்கறதுதான் தடங்கலா?" என்றார்.

"ஆமாங்குறா."

"அப்ப சாமி எந்திருச்சு வெளிய போயிட்டாச் சரி."

"என்னாங்க பேசுறீங்க நீங்க?"

"நீ அவளப் புடிச்சுக்க. இந்தா வாறேன்" என்று மேட்டில் ஓட்டமாக ஏறினார்.

பிறகு நடந்ததை நான் மழைக்குள் நின்று பார்த்தேன். கோயிலிலிருந்து இரண்டு பேர் சிலுவையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் மேசையைக் கவிழ்த்துத் தலையில் சுமந்து வந்தார். உபதேசியார் தம் கோட்டையும் சட்டையையும் கழற்றி அவற்றுக்குள் பெரிய வேதப் புத்தகத்தைச் சுற்றி, வெறும் உடம்போடு நனைந்துகொண்டு வந்தார். அவர்கள் போனது கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு. கோயிலுக்குப் பின்னால் படி வழியாக இறங்கினால் மடுவம் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வழியாகப் போகாமல், சுற்றிக்கொண்டு, எங்கள் காம்பரா வாசல் வழியாகவே போனார்கள். அம்மா பார்க்கவேண்டும் என்பதற்காக.

"பாத்துக்க தங்கச்சி!" என்று உபதேசியார் வாசலில் நின்று கூவினார். "சிலுவ போவுது, மேச போவுது, வேதம் போவுது. ஒண்ணும் மிச்சமில்ல. இப்ப அது வெறும் தகரக் கொட்டாய்!"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அந்த ரெண்டு வெளக்குத் தண்டுங்கண்ணே?"

"அட, ஆமா!" என்றார் உபதேசியார். ஓர் ஆள் திரும்பவும் மேட்டில் ஏறி ஓடி, பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு இரண்டையும் இரண்டு கையிலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவுக்குக் காட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் அம்மா எழுந்திருக்கச் சம்மதித்தாள். நாலு பெண்கள் ஒரு கம்பளியின் நாலு மூலையையும் பிடித்து அவளை மேலே தூக்கிப் போனார்கள்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலுவை போவதைப் பார்த்து, பக்கத்துக் காம்பராப் பையன் ஒருவன் என் காதில், "ஒங்கம்மா தீட்டுக்குப் பயந்து அவங்க சாமி ஓடுதுடா" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அம்மாவை அவ்வளவு கேவலமாக நினைத்துவிட்டார்களே என்று, கையில் கிடைத்த மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். அது உபதேசியாரின் வெறும் முதுகில் பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மழை அதைக் கழுவிக்கொண்டு போனது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மேடைதான் கோயிலிலேயே காற்றுப் படாத, ஈரம் ஏறாத இடம். சிலுவை நின்ற அந்தச் சிமெந்துத் தரையில் மிலாறுக் கங்கை ஒரு சட்டியில் வைத்துச் சூடாக்கி, கம்பளிகளை விரித்து அம்மாவைப் படுக்கவைத்தார்கள். மத்தியானம் மழை ஓய்வதற்கு முன் தங்கச்சி பிறந்தாள். அவள் அழுத சத்தம் தகரத்தில் விழுந்த மழையைவிடப் பெரிதாக இருந்தது.

அப்பா சாயங்காலம் வந்தார். வழியிலேயே பாதிக் கதை அவர் காதில் விழுந்திருந்தது, அதுவும் அந்தப் பையன் சொன்ன மாதிரியே. பிள்ளையைப் பார்க்கக்கூட நில்லாமல் நேரே மடுவத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கொழுந்து வாடை வீசும் அந்த இடத்தில், தொங்கும் தராசுக்குக் கீழே உட்கார்ந்து, உபதேசியார் காய்ந்த சாக்கால் சிலுவையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாங்க அசிங்கம்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே. சாமியத் தூக்கிட்டு ஓடுற அளவுக்கா நாங்க?"

உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "தம்பி, ஒங்கள்ல புள்ளத் தீட்டு எத்தன நாளு?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சொல்லேன்."

"முப்பது."

உபதேசியார் விரலை மடக்கினார். பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம் அவருக்கு முந்திக் கணக்குப் போட்டுவிட்டார். "அதுக்குள்ள கிறிஸ்மஸ் பண்டிக வருதுங்களே."

"வருது."

"நாலு தோட்டத்து ஆளுங்க வருவாங்க. ஐயரு வருவாரு. கோயிலுக்கு வெள்ளையடிக்கணும்னு சொல்லிட்டிருந்தோம்."

"அடுத்த வருஷம் அடிச்சுக்குவோம். முப்பதுன்னா முப்பதுதான். நாம நடுவுல சாமியக் கொண்டு போயி நிறுத்துனா, அந்தப் புள்ளைக்கு ஒரு தலவலி வந்தாக்கூட அவ மனசு ஒடைஞ்சு போயிரும்."

அப்பாவுக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. கோயிலுக்குத் திரும்பி வந்தபோது, சேலை மறைப்புக்குள்ளிருந்து அம்மா சொன்னாள்: "ஏங்க, அந்தாள்கிட்டச் சண்டைக்கா போனீங்க? சாமியப் போகச் சொன்னது நாந்தாங்க." அப்பா வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

முப்பது நாளும் சிலுவை மடுவத்து மூலையில் நின்றது. கிழமை நாளில் அங்கேதான் கொழுந்து நிறுப்பார்கள். கணக்கப்பிள்ளை ஐயா முதலில் முணுமுணுத்துவிட்டுப் பிறகு விட்டுவிட்டார். பெண்களுக்கு அது நல்ல வாய்ப்பாகிவிட்டது. கூடையைத் தராசில் மாட்டும்போது, "ஐயா, சாமி பாத்துக்கிட்டிருக்கு. தராசு முள்ளுல கைய வெக்காதீங்க" என்பார்கள். "எங்க சாமின்னா மலைக்கு அந்தாண்ட இருக்கு. இது பக்கத்துலயே நிக்குதுங்க" என்பாள் இன்னொருத்தி. அந்த மாதம் கொழுந்து நிறை குறையவே இல்லை என்று அம்மாவின் கூட்டாளிப் பெண்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மடுவத்துக்கு மூன்று பக்கம் சுவர் கிடையாது. குளிர்காற்று நேராக அடிக்கும். லிந்துலையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா இதைக் கேள்விப்பட்டு, லொறியை மூடுகிற பெரிய தார்ப்பாய்ப் படங்கு ஒன்றை அனுப்பினார். "சாமி யாருடையதா இருந்தாலும் பனியில நிக்க வைக்காதீங்க எண்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாராம். அதைக் கட்டித்தான் பண்டிகை நடந்தது.

கிறிஸ்மஸ் அன்று காலையில் ஐயர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், உயரமானவர். மடுவத்துக்குள் குனிந்து நுழைந்து சுற்றிப் பார்த்தார்.

"இதென்ன உபதேசியார், கோயில் அங்கை இருக்கேக்கை நீங்கள் இஞ்சை நிக்கிறியள்?"

உபதேசியார் கையைக் கட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

"உந்தத் தீட்டெண்டது மூடநம்பிக்கையெல்லோ? நீங்கள் அதை அவைக்கு விளங்கப்படுத்தியிருக்க வேண்டாமோ?"

"சொல்லலாமுங்க ஐயரய்யா. மண்ணு எறங்கிட்டிருந்துச்சு. சொல்லி முடிக்க நேரமில்லீங்க."

"பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே?"

"பொறகு அந்தம்மா பச்ச ஒடம்புக்காரிங்க. இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு."

நாலு தோட்டத்து ஆட்கள் புதுத் துணியோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஐயர் மேலே தொங்கிய தராசைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து வெள்ளை அங்கியை எடுத்துக்கொண்டே, "உந்தத் தராசை அங்காலை தள்ளிக் கட்டுங்கோ. தலையிலை இடிக்குது" என்றார்.

அன்று அவர்கள் பாடியது மேட்டில் எங்கள் காதுக்கு நன்றாகக் கேட்டது. அம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். பாட்டு முடிந்ததும் ஐயர் மேடேறி வந்தார். தம் சொந்தக் கோயில் வாசலுக்கு வெளியே நின்றபடியே, "பிள்ளை சுகமோ?" என்று கேட்டார். "நல்லாருக்குங்க" என்றாள் அம்மா, மறைப்புக்குள்ளிருந்து. அவர் ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை.

பண்டிகையன்று எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதை அவர்கள் அசனம் என்பார்கள். அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு கை அரிசி எடுத்து வைத்துக்கொண்டே வந்திருந்தார்கள். தோட்டத்தில் சாமி வித்தியாசம் பார்க்காமல் எல்லா லயத்துக்கும் சொல்லியனுப்பினார்கள். அம்மாவுக்கு மட்டும் பத்தியமாகப் பூண்டுக் கஞ்சி தனிச் சட்டியில் வந்தது. அதை உபதேசியார் சம்சாரம் யாரிடமும் கொடுத்தனுப்பாமல் தானே கொண்டுவந்தார்.

சாப்பாடு முடிந்ததும் உபதேசியார் மிச்ச அரிசியை ஒரு மூட்டையாகக் கட்டினார். கீழே ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்களக் கிராமத்தில், நம் மலையில் சரிந்த அதே சேறு போய் வயல்களை மூடியிருந்தது. அரிசி மூட்டையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் தேடினார். அப்பா முன்னால் வந்து, "குடுங்கண்ணே, நான் தூக்குறேன்" என்றார். அன்று சாயங்காலம் அவர் திரும்பி வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். மூட்டையை இறக்கியபோது அந்த வீட்டுப் பெரியவர், வேதக்கோயிலிலிருந்தா என்று சிங்களத்தில் கேட்டாராம். அப்பா "ஓவ்", ஆமாம், என்றாராம். "நானு அந்தக் கோயில் ஆளு இல்லேன்னு சொல்றதுக்கு எனக்குச் சிங்களம் பத்தலடி" என்றார். அவருக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும்.

தேநீர்க் கடையில் பேசியவனுக்கு இதைத்தான் கேட்க விரும்புகிறேன். ஆள் பிடிக்கிறவன் சாமியை வெளியே அனுப்பிவிட்டா ஆள் பிடிப்பான்? எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் வேதத்தில் சேரவில்லை. சேரச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. ஆண்டு தவறாமல் மாரியம்மனுக்கு அம்மா பொங்கல் வைக்கிறாள். தங்கச்சி இப்போது நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

முப்பது முடிந்து முப்பத்தோராம் நாள், ஐந்து குடும்பத்துப் பெண்களும் காலையிலேயே கோயிலைக் கழுவ ஆரம்பித்தார்கள். சாணி கரைத்துத் தெளித்து, மஞ்சள் தண்ணீர் விட்டு, மேடையை மூன்று தடவை தேய்த்தார்கள். உபதேசியார் சம்சாரம் வாசலில் நின்று, "அடியே, சிமெந்துத் தரையில சாணியப் போட்டா எப்படிடி போகும்?" என்று கத்திவிட்டு, பிறகு தானும் முந்தானையைச் செருகிக்கொண்டு தேய்க்க வந்தார். வாசல் நிலையில் மாவிலை கட்ட மாவிலை கிடைக்காமல், சவுக்கு இலையைக் கட்டினார்கள்.

வேலை விட்ட நேரத்தில் பன்னிரண்டு குடும்பமும் சிலுவையோடு மேடேறி வந்தது. உபதேசியார் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, நெற்றியில் விபூதி பூசி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா உள்ளே நின்றாள். அப்பா அவளுக்குப் பக்கத்தில்.

"எங்க சாமிக்குச் செய்யற மாதிரி எல்லாம் செஞ்சிட்டோம்ணே" என்றாள் அம்மா. "ஒங்க சாமிக்கு இது போதுமான்னு தெரியலீங்க."

"போதும் தங்கச்சி" என்றார் உபதேசியார். "ஒன் மனசுக்குப் போதுமா? நீ சொன்னாத்தான் சாமி உள்ள வரும்."

அம்மா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். முப்பது நாளைத் தாண்டிய அந்த முகத்தை அவள் அப்படி நின்று பார்த்ததை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். பிறகு வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

"வரச் சொல்லுங்கண்ணே" என்றாள்.